அய்யாற்றில் ஓடுவது உபரித் தண்ணீர் இல்லை!

(செம்மேட்டில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் மலை விவசாயி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் குச்சிக்கிழங்கு விலை, மிளகு விலை, பட்டா பிரச்சினை எல்லாவற்றையும் விரிவாகப் பேசிவிட்டார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் அய்யாறு. இதில் பேச என்ன இருக்கிறது, தினமும் தாண்டிப் போகிற ஓடைதானே என்று சிலபேர் நினைக்கலாம். அங்கேதான் கோளாறு. நாம் தினமும் தாண்டிப் போவதால் அதைப் பற்றி நாம் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததால், எந்த ஆபீசுக்குப் போனாலும் நம்மிடம் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். "உபரி நீர்." "வீணாகப் போகிற தண்ணீர்." யாருக்கு உபரி? யார் அளந்து பார்த்தது? இதைத்தான் நான் இன்றைக்குக் கேட்கப் போகிறேன்.

முதலில் ஓடையைச் சொல்கிறேன். அய்யாறு என்று பேர் பெரிசு. மலை மேலே பார்த்தால் பல இடத்தில் ஒரு தாண்டு தாண்டினால் அக்கரை. இதற்கு மேட்டூர் மாதிரி அணை கிடையாது. இமயமலை ஆறுகள் மாதிரி பனி உருகி வருவதும் கிடையாது. மேட்டுக்காட்டுக்குக் கீழே, சோலை முடிகிற இடத்தில், பாறை இடுக்கில் ஊற்றாகக் கசிகிறது. அந்தக் கசிவு வயல் பள்ளத்தில் சேர்ந்து, வயல் வயலாக இறங்கி, ஓடையாகி, ஓடையும் ஓடையும் கூடி ஆறாகிறது. ஐந்து ஓடை சேர்வதால் அய்யாறு என்று பெரியவர்கள் சொல்வார்கள். எந்த ஐந்து என்று கேட்டால் ஒவ்வொரு ஊர்க்காரரும் தங்கள் ஊர் ஓடையைத்தான் முதலில் சொல்வார், அது வேற விஷயம்.

இந்தத் தண்ணீர் பெரியகோவிலூர் அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டிப் போய், ஆகாய கங்கையாகச் சுமார் 300 அடி விழுகிறது. டூரிஸ்ட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட படி இறங்கிப் போய்க் குளித்துவிட்டு, ஷாம்பு பாக்கெட்டை அங்கேயே போட்டுவிட்டு ஏறி வருகிறார்கள். அவர்களுக்கு ஆறு அங்கே முடிந்துவிட்டது. நமக்கு அங்கே பாதி வழிதான். அருவிக்குக் கீழே காட்டுக்குள் பாறைக்குப் பாறை இறங்கி, புளியஞ்சோலையில் தரை தொடுகிறது. அங்கே நாமக்கல் மாவட்டம் முடிந்து திருச்சி மாவட்டம். பிறகு துறையூர், முசிறிச் சீமை. கடைசியில் காவிரி. மேலே நம்ம வயலில் புரட்டாசியில் பெய்கிற மழை, கீழே மணலில் இறங்கி, துறையூர் விவசாயி கிணற்றில் ஊறுகிறது. அவருக்கு நம்மைத் தெரியாது, நமக்கு அவரைத் தெரியாது. இன்றைக்குத்தான் ஒரே பந்தலில் உட்கார்ந்திருக்கிறோம்.

இன்னொன்றும் கவனியுங்க. இந்த மலையில் பெய்கிற மழை எல்லாம் ஒரே பக்கம் போவதில்லை. வடக்கே விழுகிற மழை சுவேத நதியாகித் தம்மம்பட்டி, வீரகனூர் வழியாக வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டைப் பக்கம் கடலுக்குப் போகிறது. அய்யாற்றுப் பக்கம் விழுவது காவிரிக்கு. ஒரு மேட்டின் இந்தச் சரிவில் விழுந்தால் ஒரு சீமை, அந்தச் சரிவில் விழுந்தால் வேறு சீமை. மலை தானாகப் பங்கு பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பங்கை நம்பித்தான் அங்கங்கே கிணறும் ஏரியும் வெட்டி, ஊர் கட்டியிருக்கிறார்கள்.

சரி, மழை நின்று ரெண்டு மாசம் ஆனாலும் ஓடையில் தண்ணீர் எப்படி ஓடுகிறது? மலையின் உடம்பு சார்னோக்கைட் என்று சொல்கிற கெட்டிப் பாறை. அதற்குள் தண்ணீர் லேசில் இறங்காது. ஆனால் மலையின் உச்சி மேடுகளில் பாக்சைட் மண் தொப்பி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேலே காட்டு மண், இலைச் சருகு. இந்த மேல் அடுக்கு பஞ்சு மாதிரி மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, கீழே கெட்டிப் பாறை தடுப்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடும். பங்குனி, சித்திரையில் நாம் குடிக்கும் தண்ணீர் ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழைதான்.

அந்தப் பஞ்சைத்தான் வெட்டி எடுத்தார்கள். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இந்த மலையில் பல வருஷம் பாக்சைட் தோண்டினார்கள். வழக்கு, போராட்டம் என்று போய் 2008 வாக்கில் அது நின்றது. லாரி நின்றது, சந்தோஷம். ஆனால் எடுத்த மண் திரும்பி வராது. ஊற்றின் தலையை வெட்டிவிட்டு ஓடையில் தண்ணீர் குறைந்துபோச்சே என்றால் எப்படி? ஒடிசாவில் நியமகிரி மலை என்று இருக்கிறது. அங்கேயும் பாக்சைட்தான். 2013ல் உச்ச நீதிமன்றம், கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்றது. 12 கிராம சபை கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றது. அந்த டோங்கிரியா கோந்து மக்களும் நம்மைப் போல மலையில் சாமையும் கேழ்வரகும் விதைக்கிறவர்கள்தான்.

இந்த ஓடைக்கு ஒரு சரித்திரமும் இருக்கிறதுங்க. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று ஆடி 18ஐ ஒட்டி அரசாங்கமே விழா எடுக்கிறது. சங்கப் பாட்டில் கொல்லி வருகிறது, தேவாரத்தில் அறப்பள்ளி வருகிறது. கோயில் ஓடையில் மீனைப் பிடித்துத் தின்னக் கூடாது என்பது நம்ம வழக்கம். அறுத்த மீன் திரும்ப ஒட்டிக்கொண்டு துள்ளி ஓடியது என்று கதை சொல்லி, ஓடையில் ஒரு பகுதியை யாரும் கை வைக்காமல் காப்பாற்றினார்கள். வனத்துறையும் இல்லை, போர்டும் இல்லை, அபராதமும் இல்லை. மீனுக்கு நாம் பொரி போட்டோம், தண்ணீர் சுத்தமாக இருந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் ஏற்காட்டில் காப்பித் தோட்டம், பங்களா என்று வந்து உட்கார்ந்தார்கள். கொல்லிமலைக்கு அந்த அளவுக்கு வரவில்லை. மலைக் காய்ச்சல் பயம். காய்ச்சல் நம்ம ஆட்களையும்தான் கொன்றது, அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் அதனால் ஓடையும் ஓடைக் கரை வயலும் ரொம்ப காலம் நம்ம கையிலேயே நின்றது.

இதே மலையில் 1914ல் பிறந்தவர் பால் பிராண்ட் என்கிற டாக்டர். அப்பா ஜெசி பிராண்ட், அம்மா ஈவ்லின், வாழவந்தி நாட்டில் தங்கி வேலை செய்த மிஷனரிகள். அப்பா 1929ல் இந்தக் காய்ச்சலிலேயே போய்ச் சேர்ந்தார். மகன் பிற்பாடு வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய கையை ஆபரேஷன் செய்து நிமிர்த்தி, உலகப் பேர் வாங்கி, 2003ல் காலமானார். அவர் 1980களில் மண்ணைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் நம்ம மலை வருகிறது. சின்னப் பையனாக நம்ம ஊர்ப் பிள்ளைகளோடு நெல் வயலில் இறங்கித் தவளை பிடித்து விளையாடுகிறார். தண்ணீர் கலங்குகிறது. வயலுக்குக் காவலாக இருந்த ஒரு தாத்தா வருகிறார். பிள்ளைகளை அடிக்கவில்லை. சேற்றைக் கையில் எடுத்துக் காட்டி, இது தலைமுறை தலைமுறையாக நமக்குச் சோறு போட்ட மண், கலங்கிய தண்ணீரோடு இது மலையை விட்டு இறங்கிவிட்டால் திரும்ப ஏறி வராது என்று எடுத்துச் சொல்கிறார். அந்தப் பையன் டாக்டராகி, ஊர் உலகம் எல்லாம் சுற்றி, வயதான பிறகும் அந்தத் தாத்தாவை மறக்கவில்லை. பல வருஷம் கழித்து வந்து பார்த்தபோது மண் கரைந்து கிடந்ததைக் கண்டு மனம் நொந்தும் எழுதியிருக்கிறார்.

அந்தத் தாத்தா பேர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர் பார்த்த வேலை என்ன என்று தெரியும். மேல் வயல் நிரம்பினால் மடை வழியே கீழ் வயலுக்கு விடணும். மடையில் புல்லுக்கரணை வைத்து மண்ணை நிறுத்தி, தண்ணீரை மட்டும் தெளிவாக அனுப்பணும். கடைசி வயலிலிருந்து ஓடையில் விழுகிற தண்ணீர் கண்ணாடியாக இருக்கணும். இதற்குப் பேர்தான் நீர் மேலாண்மை. இன்றைக்கு இதைப் பவர் பாயிண்ட் போட்டு நமக்கே சொல்லித் தருகிறார்கள்.

இப்போது ஓடை ஏன் செம்மண் நிறத்தில் ஓடுகிறது? பாக்சைட் மட்டும் காரணம் இல்லை, உள்ளதைச் சொல்ல வேண்டும். முன்பு மேட்டுக் கொல்லையில் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு. ஒன்றோடு ஒன்று கலந்து விதைப்போம். வேர் பின்னி மண்ணைப் பிடிக்கும். பிறகு சேலம், ராசிபுரம், நாமக்கல் சேகோ ஃபேக்டரிக்காரர்கள் கிழங்கு கேட்டார்கள். 1981ல் சேலத்தில் சேகோசர்வ் வந்தது. குச்சிக்கிழங்குக்கு ரொக்கம் கிடைத்தது. சாமைக்குக் கிடைக்கவில்லை. சரிவு நிலத்தில் குச்சி நட்டு, பத்து மாசம் கழித்து மழைக்கு முன்னும் பின்னும் வேரோடு பிடுங்கினால், சரிவு முழுக்க உழுத மாதிரி கிடக்கும். அடுத்த மழை அதை வாரிக்கொண்டு ஓடையில் கொட்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களிலிருந்து இங்கே சிறுதானியத்தைத் திரும்பக் கொண்டுவர வேலை பார்த்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் நான் கேட்பது அரசாங்கத்தை. நெல்லுக்கு விலை நிர்ணயம் செய்து கொள்முதல் பண்ணுகிற மாதிரி, எங்கள் சாமையை ரேஷனுக்கு வாங்கு. பிள்ளையின் காலேஜ் ஃபீஸைச் சாமை கட்டினால், எவன் குச்சியை நடப் போகிறான்? ஓடையைக் காப்பாற்றுகிற செலவை மலையாளி விவசாயி தலையில் மட்டும் கட்டக் கூடாது.

இனி முக்கியமான விஷயம். மின்வாரியத்தின் கொல்லிமலை நீர்மின் திட்டம். 20 மெகாவாட். மலை மேலே ஓடைகளின் குறுக்கே சிறு தடுப்பணைகள், அங்கிருந்து சுரங்கத்திலும் குழாயிலும் தண்ணீரைத் திருப்பி, கீழே மிஷினைச் சுற்றவைப்பது. "சின்னத் தடுப்பணைதானே, தண்ணீரை யாரும் குடிக்கப் போவதில்லையே, மிஷினைச் சுற்றிவிட்டுத் திரும்ப விடுவோமே" என்கிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். தண்ணீர் 700 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய 600 லிட்டர் தண்ணீர் வேண்டும். 20 மெகாவாட் மிஷின் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 20,000 யூனிட். அதற்கு 1 கோடியே 20 லட்சம் லிட்டர். நொடிக்கு 3,300 லிட்டர்! மழைக்காலத்தில் எல்லா ஓடையையும் சேர்த்தால் இது கிடைக்கலாம். சித்திரையில்? கணுக்கால் நனைகிற தண்ணீரில் எங்கே எடுப்பது? பெரிய செலவு பண்ணிப் போட்ட மிஷின் சும்மா நிற்கிறதே என்று, ஓடுகிற கொஞ்சத்தையும் குழாய்க்குள் விடச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வராது என்று யார் உறுதி கொடுப்பது?

திரும்ப விடுவோம் என்கிறீர்கள். எங்கே? எடுத்த இடத்துக்கும் விடுகிற இடத்துக்கும் நடுவில் ஓடை காயும், அதில் சந்தேகமே இல்லை. அந்த நடுவில்தான் வயல் இருக்கிறது, கோயில் இருக்கிறது, ஆகாய கங்கை இருக்கிறது, மீனும் காட்டெருமையும் இருக்கிறது. கிழக்கே போகிற தண்ணீரை வேறு சரிவில் இறக்கினால் புளியஞ்சோலைக்காரர் கதி என்ன? இதைக் கேட்டால் வளர்ச்சிக்கு விரோதி என்கிறார்கள். தமிழ்நாட்டின் நீர்மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 2,300 மெகாவாட். கமுதியில் 2016ல் வந்த ஒரே ஒரு சூரிய மின் நிலையம் 648 மெகாவாட். கரண்ட் எடுக்க வேறு வழி இருக்கிறது. அய்யாற்றுக்கு வேறு ஊற்று இல்லை.

இன்னொரு சங்கதி. மத்திய அரசின் 2006ஆம் வருஷச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நீர்மின் திட்டத்துக்குத்தான் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். நம்மளது 20. அதனால் அந்தச் சட்டத்தின்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் போட வேண்டிய கட்டாயம் இல்லை. நம்ம ஓடையை வேறு பக்கம் திருப்ப, நம்மைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லையாம்! சட்டத்தில் சின்ன ஆடு என்று எழுதிவிட்டால், கசாப்புக் கடையில் அதற்கு வலிக்காதா?

ஆனால் வேறு சட்டம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்க. 2006ஆம் வருஷ வன உரிமைச் சட்டம். அதன் 5ஆம் பிரிவு, நீர்ப்பிடிப்புப் பகுதியும் நீராதாரமும் பாதுகாக்கப்படுவதை உறுதி செய்ய நம்ம கிராம சபைக்கு அதிகாரம் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் 2008 முதல் நீதிமன்றத் தடையில் முடங்கிக் கிடந்தது. 2016ல் உச்ச நீதிமன்றம் தடையை விலக்கியது. எட்டு வருஷம் போச்சு. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஒரு அங்குல நிலம்கூட அறிவிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்க. நமக்கு இருக்கிற ஆயுதம் இந்தக் கிராம சபைதான்.

தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 2017ல் ஒரு உத்தரவு போட்டது. எந்த ஆறானாலும், தண்ணீர் குறைந்த காலத்துச் சராசரி ஓட்டத்தில் 15 முதல் 20 சதவீதமாவது ஆற்றில் விட வேண்டும் என்று. என்னைக் கேட்டால் இது போதாது. நூறு ரூபாய் கூலிக்காரனிடம் எண்பதைப் பிடுங்கிக்கொண்டு இருபதைக் கையில் கொடுக்கிற கதை. ஆனால் இந்த இருபதைக் கேட்கவே நூறு எவ்வளவு என்று தெரிய வேண்டுமா இல்லையா? அய்யாற்றில் சித்திரையில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது? சொல்லுங்க பார்க்கலாம். வாரியத்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னால், இல்லை என்று மறுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

அதனால் சங்கத்தின் சார்பில் ஒரு வேலை சொல்கிறேன். கஷ்டமான வேலை இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையே செய்யும். உங்கள் ஊர் ஓடையில் வளைவில்லாமல் நேராக ஓடுகிற ஒரு இடத்தைப் பிடியுங்க. எப்போதும் அதே இடம்தான். 10 மீட்டர் அளந்து ரெண்டு முனையிலும் குச்சி நடுங்க. மேல் முனையில் ஒரு சின்னக் கட்டையைப் போட்டு, கீழ் முனைக்கு வர எத்தனை நொடி என்று செல்போனில் பாருங்க. மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்க. ஓடையின் அகலம் அளங்க, நாலைந்து இடத்தில் ஆழம் பார்த்து அதற்கும் சராசரி எடுங்க. உதாரணமாக அகலம் 3 மீட்டர், ஆழம் 20 சென்டிமீட்டர், கட்டை வர 25 நொடி. அப்போ நொடிக்கு 240 லிட்டர். மேல் தண்ணீர் வேகமாகவும் அடித் தண்ணீர் மெதுவாகவும் போவதால் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 190 லிட்டர் சொச்சம். மிஷின் கேட்கிற 3,300 லிட்டரையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்க.

மாசம் முதல் தேதியும் பதினைந்தாம் தேதியும் அளக்கணும். மழை பெய்தால் மழை என்று எழுதணும். தண்ணீர் தெளிவா, கலங்கலா என்று எழுதணும். ஓடை வற்றினால் வற்றிய தேதியை எழுதணும், அதுதான் ரொம்ப முக்கியம். அளந்தவர் கையெழுத்தும் இன்னொருவர் சாட்சிக் கையெழுத்தும் போடணும். மேலே நாங்கள் அளக்கிறோம். புளியஞ்சோலையில் நீங்கள் அளங்க. துறையூர்க்காரர்கள் அதே தேதியில் ஆற்றங்கரைக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று கயிறு விட்டுப் பாருங்க. ரெண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்தால், ஓடைக்கும் கிணற்றுக்கும் உள்ள உறவை எந்த அதிகாரியும் இல்லை என்று சொல்ல முடியாது.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்கும் கிராம சபை கூடுகிறது. அன்றைக்கு எல்லா ஊராட்சியிலும் ஒரே தீர்மானம் வைக்கிறோம். அய்யாற்றிலும் அதில் சேரும் ஓடைகளிலும் எந்தக் கட்டுமானம் வந்தாலும், கோடையில் ஓடையில் விடப்போகும் தண்ணீர் எவ்வளவு என்பதை முதலில் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதைக் கிராம சபை ஏற்காமல் ஒரு கல்லும் வைக்கக் கூடாது. புளியஞ்சோலைப் பக்கத்து ஊராட்சிகளிலும் இதே வாசகம்தான், ஒரு எழுத்தும் மாறக் கூடாது. தீர்மானப் புத்தகத்தில் ஏறினதை நீங்களே வாசித்துப் பாருங்க. வாசிக்கத் தெரியாதவர் பேரப்பிள்ளையைக் கூட்டிப் போங்க. நகல் கையில் வாங்காமல் இடத்தை விட்டு எழுந்திரிக்க வேண்டாம்.

நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஊருக்கு ஒன்று. வாங்கும்போது ஓடையின் பேரைச் சொல்லுங்க. ஆபீஸ் மேப்பில் இருக்கிற பேர் வேண்டாம், உங்கள் ஊரில் கூப்பிடுகிற பேரைச் சொல்லுங்க. அதைத்தான் முதல் பக்கத்தில் எழுதப் போகிறோம்.